மர விமானத்தில் ஏன் தறையாணி?

தமிழ்ப்பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்குப் போய்ப் பாருங்கள். காகித விமான மாதிரி ஒன்றாவது கண்ணில் படும். பேராவில் ஒரு பள்ளியில் நான் பார்த்த மாதிரி இன்னும் மனதில் நிற்கிறது. 1947 மே மாதம் மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஊர்களுக்கு வாராந்திரச் சேவையைத் தொடங்கியபோது பறக்கவிட்ட ஏர்ஸ்பீட் கான்சல் விமானம் அது. நம் ஊர் வரலாற்றைத் தேடிப் பிடித்த மாணவனைப் பாராட்ட வேண்டும். இறக்கை முழுவதும் கறுப்பு மையால் நூற்றுக்கணக்கான புள்ளிகள் வைத்திருந்தான். அவை எல்லாம் ரிவெட், அதாவது தறையாணிகளாம். பார்த்தவர்கள் “அசல் விமானம் போலவே இருக்கிறது” என்று தட்டிக்கொடுத்தார்கள்.

ஆனால், கான்சல் மர விமானம். மரச் சட்டத்தின் மேல் பிளைவுட் போர்த்திச் செய்தது. அதன் இறக்கையில் வரிசை வரிசையாகத் தறையாணிக்கு வேலையே இல்லை.

பையன் மேல் குற்றமில்லை. “இந்தப் புள்ளி எதற்கு?” என்று யாருமே அவனைக் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் அறிவியல் என்பது என் கருத்து. மாதிரியின் மேற்பரப்பில் நாம் போடும் ஒவ்வொரு கோடும் அலங்காரமாக இருக்கக்கூடாது. அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அதே நிறுவனம் பின்னர் வாங்கிய டிசி-3 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் அலுமினியத் தகடு. தகடுகள் சேரும் இடமெல்லாம் தறையாணி வரிசை இருக்கும். ஆனால் வாலிலும் இறக்கை ஓரத்திலும் அசையும் பகுதிகளுக்குத் துணிதான் போர்த்தியிருப்பார்கள். அங்கே ஆணி கிடையாது. துணிக்கு அடியிலுள்ள விலா எலும்புகள் மட்டும் மெல்லிய மேடுகளாகத் தெரியும். ஒரே விமானத்தில் இரண்டு பொருள், இரண்டு விதமான மேற்பரப்பு. இதைக் காகிதத்தில் காட்டத் தெரிந்த மாணவன் பொருளறிவியல் பாடம் ஒன்றை முடித்துவிட்டான் என்பேன்.

அடுத்தது கணக்கு. கான்சலின் இறக்கை நீளம் சுமார் 16.3 மீட்டர். ஐம்பதில் ஒரு பங்காகச் செய்தால் மாதிரி 32.5 செண்டிமீட்டர் வரும். பேனாவால் வைக்கும் அரை மில்லிமீட்டர் புள்ளி, இந்த அளவில் அசல் விமானத்தின் 25 மில்லிமீட்டருக்குச் சமம். ஏறக்குறைய ஒரு 50 சென் நாணயம்! இறக்கை முழுவதும் நாணயம் ஒட்டிய விமானத்தை நீங்கள் பார்த்ததுண்டா?

கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல பார்வை உள்ளவர் 50 மீட்டர் தூரத்தில் சுமார் 15 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்தறிய முடியாது. இந்த மாதிரியை ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது, அசலை 50 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து தனித்தனி ஆணி தெரியாது. வரிசை மட்டும் மங்கலான சாம்பல் கோடாகத் தெரியும். ஆகவே கறுப்பு மையை விடுங்கள். கூராகச் சீவிய 2எச் பென்சிலால் லேசாக ஒரு கோடு போதும். உலோக விமானத்துக்கு ஆணி வேண்டுமென்றால், மை தீர்ந்த பேனாவால் தாளின் பின்புறம் மெல்ல அழுத்துங்கள். அடியில் பழைய நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். வெளிச்சம் சாய்ந்து விழும்போது மட்டும் அந்த மேடு தெரியும்.

தாளும் அலுமினியத் தகடும் ஒரு வகையில் உறவினர்கள். இரண்டையும் ஒரு திசையில் எளிதாகச் சுருட்டலாம். பந்து போல இரு திசையிலும் வளைக்க, தகட்டை அழுத்தியோ தட்டியோ நீட்ட வேண்டும். தாளை இதழ் இதழாக வெட்டி ஒட்ட வேண்டும். அதனால் உங்கள் ஒட்டு வரும் இடத்தை அசல் தகடுகள் சேரும் இடத்திலேயே அமைத்துப் பாருங்கள். ஒட்டு மறைந்து, அதுவே நுணுக்கமாகிவிடும்.

“இதெல்லாம் சின்ன விஷயம், பிள்ளைகளின் விளையாட்டுக்கு இவ்வளவு வேண்டுமா?” என்று கேட்கலாம். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைச் சோதித்த பொறியாளர்கள், தட்டையான ஆணித் தலைகளின் மேல் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்தது. பிறகு பருப்பைப் பகுதி பகுதியாக எடுத்து, எந்த இடத்தில் மலிவான குமிழ்த் தலை ஆணி போதும் என்று கண்டறிந்தார்கள்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 பறந்துகொண்டிருந்தபோது அதன் கூரையில் ஒரு பெரும் பகுதி பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகள் சேரும் இடத்தில் ஆணித் துளைகளிலிருந்து உலோகச் சோர்வால் விரிசல் ஓடியிருந்தது. ஏறும்போதே கதவருகே ஒரு விரிசலைக் கண்டதாகப் பயணி ஒருவர் பின்னர் விசாரணையில் சொன்னார். அன்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. எது இயல்பான கோடு, எது கூடாத கோடு என்று தெரிந்த கண்ணுக்குத்தான் சொல்லத் துணிவு வரும்.

நமக்கு இது புதிதா? ரப்பர் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்கள். பட்டை எவ்வளவு ஆழம், உளி எந்தச் சாய்வு என்பது அவர்கள் கைக்குத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் தப்பினால் மரத்துக்குக் காயம், பின்னாளில் பால் குறையும். மேற்பரப்பைப் படிக்கும் அந்தக் கல்வி தோட்டங்களோடு போய்விட வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பளபளப்புக்கு மதிப்பெண் கொடுப்பதைக் குறையுங்கள். மாதிரியில் ஏதாவது மூன்று கோடுகளைத் தொட்டு, “இது ஏன் இங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள். எந்த விமானம், எந்த ஆண்டு, எந்தப் பொருளால் ஆனது என்று பிள்ளை சொல்லட்டும். செலவு சில தாள்களும் பசையும் ஒரு பழைய பேனாவும்தான். பெற்றோரே, ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்துக்கு யாரையாவது வழியனுப்பப் போனால், பிள்ளையையும் ஒரு பென்சிலையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பார்த்ததை மட்டும் வரையச் சொல்லுங்கள்.