மூவரும் வென்றார்கள், மூவரும் தோற்றார்கள்

ஓர் அணி இறுதிச் சுற்றுக்குப் போகுமா என்று கணிப்பது வேறு. போகத் தகுந்ததா என்று தீர்ப்பளிப்பது வேறு. முன்னது வாய்ப்பைப் பற்றியது, பின்னது தகுதியைப் பற்றியது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து உலகம் இவ்விரண்டையும் நெடுங்காலமாகக் குழப்பிக்கொண்டு வருகிறது. அந்தக் குழப்பம் முழு உருவில் வெளிப்பட்டது 2008ஆம் ஆண்டில், பிக் 12 கூட்டமைப்பின் தெற்குப் பிரிவில். விளையாட்டில் ஆர்வமில்லாத வாசகர்களும் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். தரவரிசை என்ற ஒன்றின் மேல் நாம் வைக்கும் நம்பிக்கையை அது சோதிக்கிறது.

முதலில் சில விளக்கங்கள். பெயர் கால்பந்து என்றாலும், முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் இது. மேல்தட்டில் அப்போது ஏறத்தாழ 120 பல்கலைக்கழக அணிகள் இருந்தன. பருவத்துக்கு ஓர் அணி ஆடுவதோ 12 ஆட்டங்கள்தாம். ஆகவே எல்லோரும் எல்லோருடனும் மோதுவது நடவாத காரியம். அணிகள் கூட்டமைப்புகளாகவும், கூட்டமைப்புகள் பிரிவுகளாகவும் பகுக்கப்பட்டிருந்தன. பிக் 12இன் தெற்குப் பிரிவில் டெக்ஸஸ், டெக்ஸஸ் டெக், டெக்ஸஸ் ஏ அண்ட் எம், பேலர், ஓக்லஹோமா, ஓக்லஹோமா ஸ்டேட் என்று ஆறு அணிகள். ஒவ்வோர் அணியும் தன் பிரிவின் ஐந்து அணிகளோடும், வடக்குப் பிரிவின் மூன்று அணிகளோடும் ஆடும். மீதமுள்ள நான்கு ஆட்டங்களை வெளியாரோடு அந்தந்தப் பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்துகொள்ளும்.

இனி நடந்தது. அக்டோபர் 11 அன்று டல்லஸ் நகரில் டெக்ஸஸ் அணி ஓக்லஹோமாவை 45-35 என்று வென்றது. நவம்பர் 1 அன்று லப்பக் நகரில் டெக்ஸஸ் டெக் அணி டெக்ஸஸை 39-33 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் ஒன்றரை நிமிடம் எஞ்சியிருக்கையில் டெக்ஸஸ்தான் 33-32 என்று முன்னணியில் இருந்தது. கிரஹாம் ஹாரல் எறிந்த பந்தை எல்லைக்கோட்டின் ஓரத்தில் பிடித்த மைக்கேல் கிராப்ட்ரீ, தடுக்க வந்தவரின் பிடியிலிருந்து நழுவிக் கோட்டைத் தாண்டியபோது கடிகாரத்தில் மிச்சமிருந்தது ஒரு நொடி. மூன்று வாரம் கழித்து, நவம்பர் 22 அன்று, நார்மன் நகரில் ஓக்லஹோமா டெக்ஸஸ் டெக்கை 65-21 என்று நொறுக்கியது. மூன்று அணிகளும் மற்ற எல்லா ஆட்டங்களையும் வென்றன. பருவத்தின் முடிவில் மூன்றுக்கும் 11 வெற்றி, 1 தோல்வி. கூட்டமைப்புக் கணக்கிலும் மூன்றுக்கும் 7 வெற்றி, 1 தோல்வி.

இது ஒரு வட்டம். வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. பெரும்பான்மை விருப்பங்கள் இப்படி ஒன்றையொன்று விழுங்கி வட்டமாகச் சுழலக்கூடும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785இலேயே வாக்கெடுப்புகளை முன்வைத்துக் காட்டியிருக்கிறார். அவருடைய புதிரைப் புல்தரையில் ஆடிக் காட்டினார்கள் இந்த மூன்று பல்கலைக்கழக மாணவர்கள்.

பிரிவின் வெற்றியாளராக ஒருவர்தான் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்துக்குப் போக முடியும். சமநிலையை முறிக்கக் கூட்டமைப்பு வைத்திருந்த விதிகளில் முந்தையவை எதுவும் பயன்படவில்லை. கடைசியில் பி.சி.எஸ். தரவரிசையில் யார் மேலே இருக்கிறாரோ அவரே போவார் என்ற விதி வந்து நின்றது. அந்தத் தரவரிசை மூன்று பாகங்களால் ஆனது: பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பு, ஹாரிஸ் வாக்கெடுப்பு, ஆறு கணினிக் கணக்குகளின் சராசரி. நவம்பர் 30 அன்று பட்டியல் வந்தது. ஓக்லஹோமா இரண்டாமிடம், 0.9351. டெக்ஸஸ் மூன்றாமிடம், 0.9223. டெக்ஸஸ் டெக் ஏழாமிடம். நேருக்கு நேர் பத்துப் புள்ளிகளில் தோற்ற அணி, தன்னை வென்ற அணியைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் ஓர் எண்ணால் முந்தியது.

டெக்ஸஸ் ரசிகர்கள் 45-35 என்ற எண்ணை மந்திரம்போல் உருப்போட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று ஆட்டங்களில் டெக்ஸஸ் டெக் வென்றது தன் சொந்த மைதானத்தில். ஓக்லஹோமா வென்றதும் தன் சொந்த மைதானத்தில். ஆஸ்டினுக்கும் நார்மனுக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கும் டல்லஸில், யாருக்கும் சொந்தமில்லாத மைதானத்தில் வென்றது டெக்ஸஸ் மட்டுமே. வடக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த மிசௌரியையும் டெக்ஸஸ் 56-31 என்று வென்றிருந்தது. வழக்கமான பருவத்தில் மற்ற இருவரும் மிசௌரியைச் சந்திக்கவே இல்லை.

ஓக்லஹோமாவின் பக்கமும் வலுவானதே. வெளியாரோடு ஆடும் நான்கு ஆட்டங்களில் டி.சி.யு., சின்சினாட்டி என்ற இரண்டு நல்ல அணிகளைத் தேடிப்போய்ச் சந்தித்து வென்றது அது. அந்த ஆண்டு பிக் ஈஸ்ட் கூட்டமைப்பின் பட்டம் சின்சினாட்டிக்குத்தான். டெக்ஸஸ் டெக்கோ தன் நான்கு வெளி ஆட்டங்களில் இரண்டைக் கீழ்த்தட்டு அணிகளோடு வைத்துக்கொண்டது. விதியால் வாய்த்த ஆட்டங்களில் மூவரும் சமம் என்றால், தாமே தேர்ந்துகொண்ட ஆட்டங்களைப் பார்ப்பது முறையான வாதம். கணினிகள் ஓக்லஹோமாவை மேலே தூக்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். இரண்டு வாக்கெடுப்புகளிலும் ஓக்லஹோமாவுக்கும் டெக்ஸஸுக்கும் இடையே இருந்தது மயிரிழைதான்.

டெக்ஸஸின் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு; அதை யாரும் அதிகம் பேசவில்லை. நேருக்கு நேர் வென்றவனே மேலானவன் என்பது கொள்கையானால், டெக்ஸஸுக்கு மேலே டெக்ஸஸ் டெக்கை வைக்க வேண்டும். 45-35 என்று முழங்கியவர்கள் 39-33ஐ முணுமுணுக்கக்கூட இல்லை. டெக் அணியை முதலில் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பிறகு மிச்சமிருக்கும் இருவருக்குள் நேருக்கு நேர் பார்க்கலாம் என்பதே அவர்கள் சொல்லாமல் சொன்னது. டெக் அணியை வெளியே நிறுத்துவதற்குக் காரணம்? 65-21. அதாவது தோல்வியின் அளவு.

இங்கேதான் எனக்கு உண்மையான ஆட்சேபம். தோல்வியின் அளவு கணக்கில் வருமா வராதா? கூட்டமைப்பின் பட்டியலில் ஆறு புள்ளித் தோல்வியும் ஒரு தோல்வி, நாற்பத்து நான்கு புள்ளித் தோல்வியும் ஒரு தோல்வி. வெற்றி வித்தியாசத்தைப் பார்க்கக் கூடாது என்று 2002 முதல் கணினிகளுக்குத் தடை விதித்திருந்தார்கள். பலவீனமான எதிராளியின் மேல் புள்ளிகளைக் குவிப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்பது அதன் நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் வாக்களிக்கும் மனிதர்களுக்கு அந்தத் தடை இல்லை. அவர்கள் அளவைப் பார்த்தார்கள், தோற்ற நாளையும் பார்த்தார்கள். அக்டோபரில் தோற்றவனின் காயம் டிசம்பருக்குள் ஆறிவிடுகிறது. நவம்பர் இறுதியில் தோற்றவனின் காயம் பச்சையாக இருக்கிறது. ஓக்லஹோமா அந்தப் பருவத்தில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் அறுபதுக்கு மேல் புள்ளி குவித்தது. இயந்திரத்துக்கு மறுக்கப்பட்ட அளவுகோலை மனிதன் இரகசியமாகப் பயன்படுத்தினான். எழுதப்படாத விதி எழுதப்பட்ட விதியை விட வலிமையாக இயங்குவது எந்த மதிப்பீட்டு முறைக்கும் ஆரோக்கியமல்ல. வாக்களிக்கும் பயிற்சியாளர்களின் பட்டியலில் அவர்களுடைய அணியோ, அவர்களுடைய போட்டி அணியோ இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். அப்போது சவுத்ஈஸ்டர்ன் கூட்டமைப்பில் இருந்த விதி சற்று மாறுபட்டது. மூவர் சமநிலையில் தரவரிசைப்படி முதலிருவர் ஐந்து இடங்களுக்குள் நெருங்கியிருந்தால், அந்த இருவருக்குள் நேருக்கு நேர் வென்றவரே போவார். அதே ஆட்டங்கள், அதே முடிவுகள், அதே தரவரிசை. பக்கத்துக் கூட்டமைப்பின் விதிப்படி போயிருக்க வேண்டியது டெக்ஸஸ். ஆகவே 'யார் சிறந்தவர்' என்ற கேள்விக்கு 2008இல் விடை கிடைக்கவே இல்லை. 'எந்த விதி அமலில் இருக்கிறது' என்ற கேள்விக்குத்தான் கிடைத்தது.

எனவே என் கருத்து இது. ஓக்லஹோமா சென்றது முறையானது; ஏனென்றால் விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் முறையானது என்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது. நடந்த பிழை தேர்வில் இல்லை, தேர்வுக்குச் சூட்டப்பட்ட மகுடத்தில் இருக்கிறது. 0.0128 என்ற வித்தியாசம் சீட்டுக் குலுக்கிப் போடுவதற்குச் சமானமானது. சீட்டுக் குலுக்குவதில் அவமானம் ஏதுமில்லை. அதை ஆராய்ச்சி முடிவுபோல் அறிவிப்பதில்தான் இருக்கிறது.

பின்னால் நடந்தவற்றைக் கொண்டு தீர்ப்புச் சொல்கிறவர்களும் உண்டு. ஓக்லஹோமா, மிசௌரியை 62-21 என்று வென்று கூட்டமைப்புப் பட்டத்தைப் பெற்றது. 2009 ஜனவரி 8 அன்று தேசிய இறுதி ஆட்டத்தில் ஃபுளோரிடாவிடம் 24-14 என்று தோற்றது. டெக்ஸஸ் ஃபியஸ்டா பவுலில் ஒஹாயோ ஸ்டேட்டை 24-21 என்று வென்றது. டெக்ஸஸ் டெக் காட்டன் பவுலில் ஓல் மிஸ்ஸிடம் 47-34 என்று வீழ்ந்தது. "பார்த்தீர்களா, டெக்ஸஸையே அனுப்பியிருக்கலாம்" என்கிறார்கள். ஆடாத ஆட்டத்தின் முடிவை ஆடிய ஆட்டம் சொல்லாது. தவிரவும், அதே பருவத்தில் ஒரு தோல்வியும் இல்லாமல் 13 ஆட்டங்களையும் வென்ற யூட்டா அணி தேசிய இறுதியின் பக்கம்கூட அழைக்கப்படவில்லை. மூவருக்குள் நடந்த சண்டையின் இரைச்சலில் அந்த நான்காமவரின் குரல் அமுங்கியது.

இந்த மூவரில் எனக்கு அதிகம் உறுத்துவது டெக்ஸஸ் டெக்தான். ஒரு கூட்டமைப்பிலிருந்து இரண்டு அணிகளுக்கு மேல் பெரிய பவுல் ஆட்டங்களுக்குப் போகக் கூடாது என்ற விதியால், 11 ஆட்டங்களை வென்ற அந்த அணி அந்த வரிசையிலிருந்தே விலக்கப்பட்டது. பெரும் புகழும் பெரும் ரசிகர் கூட்டமும் உள்ள இரண்டு பல்கலைக்கழகங்களின் வழக்கில், லப்பக்கின் மாணவர்கள் சாட்சியாகக்கூட விசாரிக்கப்படவில்லை.

பிறகு எத்தனையோ மாறிவிட்டது. 2011 முதல் பிக் 12இல் பிரிவுகள் இல்லை. 2013 பருவத்தோடு பி.சி.எஸ். முடிந்தது. 2014இல் நான்கு அணிகள் கொண்ட இறுதிச் சுற்றும், தேர்வுக் குழுவும் வந்தன. 'ஒரே உண்மையான சாம்பியன்' என்று விளம்பரம் செய்துகொண்ட பிக் 12, அந்த முதல் ஆண்டிலேயே பேலர், டி.சி.யு. என்று இரண்டு சாம்பியன்களை அறிவித்து, இருவருமே விலக்கப்படக் கண்டது. 2023இல் 13 ஆட்டங்களையும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட், முதன்மை வீரர் காயமடைந்ததால், ஆளுக்கொரு தோல்வி கண்ட டெக்ஸஸுக்கும் அலபாமாவுக்கும் வழிவிட்டு வெளியே நின்றது. செய்ததற்காக அன்றி, இனிச் செய்யக்கூடியதற்காக அந்த அணி அளக்கப்பட்டது. வாய்ப்பும் தகுதியும் ஒன்றாகக் கலக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2024 முதல் 12 அணிகள். டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் அந்த ஆண்டே சவுத்ஈஸ்டர்ன் கூட்டமைப்புக்குக் குடிபெயர்ந்தன. அங்கும் பிரிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. 2025 டிசம்பரில், ஆளுக்கு 10 வெற்றி, 2 தோல்வி என்று நின்ற மயாமிக்கும் நோட்ர டாமுக்கும் இடையே, நேருக்கு நேர் வென்றிருந்த மயாமி உள்ளே போனது. ஆஸ்டினில் சிலருக்குப் பழைய எண் நினைவுக்கு வந்திருக்கும்.

இடங்களைக் கூட்டினால் சர்ச்சை தீரும் என்று நினைத்தார்கள். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையே இருந்த கோடு, பட்டியலின் அடிப்பகுதிக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. கோடு எங்கே விழுந்தாலும் அதற்கு அப்பால் ஒருவன் நிற்பான். அவனுக்கு நாம் தரக்கூடியது ஒன்றுதான்: எந்த அளவுகோலால் அளக்கப்படுவான் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது, சொன்ன அளவுகோலால் மட்டுமே அளப்பது. அளவுகோல் எதுவும் விடை சொல்லாத இடத்தில், "இவர்கள் சமம், ஓர் இடம்தான் இருக்கிறது, சீட்டுக் குலுக்குகிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லும் நேர்மை வேண்டும். 2008இல் லப்பக்குக்கும் ஆஸ்டினுக்கும் மறுக்கப்பட்டது இறுதி ஆட்டம் மட்டுமல்ல, இந்த ஒரு வாக்கியமும்தான்.