பீட்டர் லீ லாரன்ஸ்: "இருந்திருந்தால்" என்று சொல்லாதீர்கள்

‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ படத்தில் வரும் பாட்டுக் கடிகாரத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வில்லன் இன்டியோ அதைத் திறப்பான். மெல்லிசை ஒலிக்கும். "பாட்டு நின்றதும் சுடு" என்பது கணக்கு. அந்தக் கடிகாரம் அவன் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பழைய நினைவாக இரண்டு தடவை காட்டுவார்கள். ஓர் அறையில் இளம் ஜோடி. ஜன்னலுக்கு வெளியே இன்டியோ. உள்ளே வருகிறான், பையனைச் சுடுகிறான். அந்தப் பெண்ணிடம் அத்துமீறும்போது அவள் அவன் துப்பாக்கியையே எடுத்துத் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள். அவள் கர்னல் மார்ட்டிமரின் தங்கை என்பது கடைசியில்தான் நமக்குத் தெரியும்.

சுடப்படும் அந்தப் பையன் யார்? இந்தப் படத்தை நான் மூன்று தடவை தியேட்டரிலும், கணக்கில்லாமல் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். ரொம்ப வருஷம் இந்தக் கேள்வியே எனக்கு வரவில்லை. டைட்டிலில் அவர் பெயர் கிடையாது. பிற்பாடு பீட்டர் லீ லாரன்ஸ் என்ற பெயரில் கதாநாயகனாக நடித்தவர் அவர்தான். 30 வயதில் மூளைப் புற்றுநோயில் இறந்துபோனார்.

அவருக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். சின்னக் கூட்டம்தான், ஆனால் தீவிரமான கூட்டம். பழைய வீடியோ கேசட்டிலிருந்து தேடித் தேடி அவர் படங்களைச் சேர்த்து வைப்பவர்கள். அவர்கள் அன்பில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நானும் ஒருவகையில் அந்தக் கூட்டம்தான். ஆனால் அவர்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தோடு மட்டும் எனக்குச் சண்டை. "மனுஷன் இருந்திருந்தால் ஈஸ்ட்வுட்டையே தூக்கிச் சாப்பிட்டிருப்பார்."

முதலில் மனுஷனைப் பற்றிக் கொஞ்சம். அசல் பெயர் கார்ல் ஹிரன்பாக். 1944 பிப்ரவரி 21ல் ஜெர்மனியின் தெற்கு எல்லையில், ஏரிக்கரை ஊரான லின்டாவில் பிறந்தவர். இறந்தது 1974 ஏப்ரல் 20, ரோம் நகரில். பீட்டர் லீ லாரன்ஸ் என்பது போஸ்டருக்காக வைத்த பெயர். அந்தக் காலத்து இத்தாலி கௌபாய் படங்களில் அதுதான் வழக்கம். அமெரிக்கப் பெயர் இருந்தால்தான் படம் விலைபோகும் என்று ஒரு நம்பிக்கை. ஜூலியானோ ஜெம்மா கொஞ்ச நாள் மான்ட்கோமரி வுட். மரியோ ஜிரோட்டி டெரன்ஸ் ஹில் ஆகி அப்படியே நிலைத்துவிட்டார். செர்ஜியோ லியோனே கூட ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்துக்கு பாப் ராபர்ட்சன் என்று பெயர் போட்டுக்கொண்டார்.

இன்னொன்று, குரல். இந்தப் படங்களில் படப்பிடிப்பில் பேசுவதை அப்படியே பதிவு செய்வது இல்லை. ஒருவர் இத்தாலியனில் பேசுவார், எதிரே நிற்பவர் ஸ்பானிஷில் பதில் சொல்வார், மூன்றாமவர் இங்கிலீஷ். எல்லாம் பிறகு ஸ்டுடியோவில் டப்பிங். நம் படங்களில் எத்தனை கதாநாயகிகளின் சொந்தக் குரலை நாம் கேட்டிருக்கிறோம்? அதே கதைதான். ஆகவே லாரன்ஸ் படம் என்று நாம் பார்ப்பதில் பெயர் அவருடையது இல்லை, நாம் கேட்கும் இங்கிலீஷ் குரலும் டப்பிங் தியேட்டர் சரக்கு. மிஞ்சுவது முகம், நடை, நிற்கும் விதம், துப்பாக்கியை எடுப்பதற்கு முன் கண்ணில் தெரிவது, இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு நடிகர் 50 வருஷத்துக்குப் பிறகும் யாரோ சிலர் மனதில் நிற்கிறார் என்றால், அது சும்மா வந்ததில்லை.

அந்தக் கடிகாரக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே சில நொடிகள். ஆனால் படத்தின் பழிவாங்கல் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அந்த ஜோடியின் சந்தோஷத்தை நாம் நம்பவில்லை என்றால் லீ வான் கிளீஃபின் கோபம் வெறும் துப்பாக்கி வித்தை ஆகிவிடும். 21 வயதுப் பையன், வசனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நம்ப வைத்துவிட்டான்.

அந்தப் படத்துக்கு என்னைக் கூட்டிப்போனது என் சித்தப்பா. நான் காலேஜில் சேர்ந்த வருஷம், மவுண்ட் ரோடில், மேட்னி. தந்தி ஆபீசில் வேலை அவருக்கு. இங்கிலீஷ் படப் பைத்தியம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கடிகாரப் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். 31 வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பேச்சு வந்தாலே ஒரே வாக்கியம்தான். "அவன் இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பான்." பாட்டி சொல்வாள், அப்பா சொல்வார், கல்யாண வீட்டில் பார்க்கிற தூரத்துச் சொந்தம்கூடச் சொல்லும். தெருவில் யார் வீட்டு ரேடியோ கெட்டாலும் காசு வாங்காமல் பிரித்து மாட்டிக் கொடுத்தவர் அவர். எனக்கு மோர்ஸ் சங்கேதம் கற்றுக்கொடுத்தவர். அதை யாரும் சொன்னதில்லை. போகாத இடத்தைப் பற்றியே பேசிப் பேசி, இருந்த ஆளைத் தொலைத்துவிட்டோம். அதனால்தான் லாரன்ஸ் விஷயத்திலும் அந்த வாக்கியம் காதில் விழுந்தால் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

சரி, அந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்ப்போமே. ஈஸ்ட்வுட் பிறந்தது 1930ல். ‘ஃபிஸ்ட்ஃபுல்’ எடுக்கும்போது 34 வயது ஆகப்போகிறது. லீ வான் கிளீஃப் லியோனேவிடம் வந்தபோது 40. அதாவது அந்த இருவருக்கும் பெயர் வாங்கிக் கொடுத்த வயதை லாரன்ஸ் எட்டவே இல்லை. ரசிகர்களின் வாதத்துக்கு இது பலம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 1970ல் டெரன்ஸ் ஹில்லும் பட் ஸ்பென்சரும் நடித்த ‘தே கால் மீ ட்ரினிட்டி’ வந்து சக்கைப்போடு போட்டது. அதற்குப் பிறகு இத்தாலியில் எல்லாக் கௌபாய்களும் அறைந்து சிரிக்க வைக்க வேண்டியதாகிவிட்டது. 500க்கு மேல் படம் எடுத்துத் தள்ளிய அந்த அலை, 1974ல் ஓய்ந்துகொண்டிருந்தது. லாரன்ஸ் பிழைத்திருந்தாலும் அவர் நின்றிருந்த தரை பிழைத்திருக்காது. ஹாலிவுட் கூப்பிட்டிருக்குமா? சொல்ல முடியாது. ஃபிராங்கோ நீரோவே பிழைப்புக்கு என்னென்ன படமெல்லாம் நடிக்க வேண்டியிருந்தது.

ஆக, அந்த வாக்கியத்துக்கு ஆதாரமும் இல்லை, அவசியமும் இல்லை. ஏனென்றால் செய்து வைத்துவிட்டுப் போனதே போதுமான அளவு இருக்கிறது. கௌபாய் படம் மட்டும் ஒரு டஜனுக்கு மேல். எல்லாம் நல்ல படம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பாதி, காட்சிக்குக் காட்சி எங்கேயோ பார்த்த ஞாபகம் வரும் ரகம்தான்.

1967ல் ஸ்பானிஷ் டைரக்டர் ஹூலியோ பூச்ஸ் எடுத்த படத்தில் பில்லி த கிட் வேஷம். நிஜ பில்லி 21 வயதில் சுடப்பட்டவன். ஹாலிவுட்டில் முப்பதைத் தாண்டியவர்கள்கூட அந்த வேஷம் போட்டிருக்கிறார்கள். லாரன்ஸுக்கு அப்போது 23. பார்த்தால் பையன் மாதிரியே இருக்கிறார், அதுவே பாதி வேலையை முடித்துவிடுகிறது. அதே வருஷம் ஜான்னி பூச்சினி டைரக்‌ஷனில் ரோமியோ ஜூலியட் கதையைக் கௌபாய் ஊருக்குக் கொண்டுபோன ஒரு படம், ‘ஃபியூரி ஆஃப் ஜானி கிட்’. அதில் ஜோடி ஸ்பெயின் நடிகை கிறிஸ்டினா கல்போ. பின்னால் அவரையே கல்யாணம் செய்துகொண்டார்.

உம்பர்ட்டோ லென்சியின் ‘பிஸ்டல் ஃபார் எ ஹன்ட்ரட் காஃபின்ஸ்’ (1968) கதை விசித்திரமானது. உள்நாட்டுப் போரில் மத நம்பிக்கை காரணமாக ஆயுதம் தொட மாட்டேன் என்று சொல்லித் தண்டனை அனுபவிக்கும் பையன். வீட்டுக்குத் திரும்பினால் பெற்றோரைக் கொன்றுபோட்டிருக்கிறார்கள். துப்பாக்கியை எடுக்கிறான். படம் பிற்பாதியில் எங்கெங்கோ போகிறது. ஆனால் துப்பாக்கியே பிடிக்காத ஒருவன் என்று இந்த முகத்தை நம்ப முடிகிறது. ஈஸ்ட்வுட் வந்து "நான் ஆயுதம் தொட மாட்டேன்" என்று சொன்னால் தியேட்டரே சிரித்திருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் ‘கரிங்கோ’ தான். 1969, டைரக்டர் ரஃபாயல் ரொமேரோ மார்ச்சென்ட். இதில் லாரன்ஸ் கதாநாயகன் இல்லை. கதாநாயகன் அந்தோணி ஸ்டெஃபன், அவர் வழக்கம்போல் கற்சிலை மாதிரி வந்து போகிறார். லாரன்ஸ் நடித்த ஜானி ஒரு கொலைகாரன். சின்ன வயதில் அப்பாவை ராணுவத்தார் கொன்றதைப் பார்த்தவன். வளர்ந்ததும் ராணுவ அதிகாரிகளாகத் தேடிக் கொல்கிறான். கொன்றவனின் பதவிச் சின்னத்தைப் பிய்த்து எடுத்துவந்து அப்பா கல்லறையில் வைக்கிறான்.

அதுவரை அந்த அழகான முகம்தான் அவருக்கு இடைஞ்சல். "பால் மணம் மாறாத பையன்" என்று ஒதுக்கிவிடுவார்கள். ரசிகர்களும் பாதிப் பேர் அந்த நீலக் கண்ணைப் பற்றியே எழுதி முடித்துவிடுகிறார்கள். ‘கரிங்கோ’வில் அதே முகத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறார். ஊர்க்காரர்களிடம் சிரிக்கும்போதும் சரி, சுட்டுவிட்டு நிற்கும்போதும் சரி, அந்த முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் வருவதில்லை. பயமே அதுதான். கல்லறை முன்னால் மட்டும் ஏழு வயதுப் பையன் ஆகிவிடுகிறார். பரிட்சையில் மார்க் வாங்கி வந்து அப்பாவிடம் காட்டுகிற மாதிரி அந்தச் சின்னத்தை வைக்கிறார். இது தற்செயலாக அமைவது இல்லை. யோசித்து நடித்திருக்கிறார். நல்ல முகத்தோடு கெட்டவனாக நடித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பரிதாபமும் பயமும் ஒரே ஃபிரேமில் வருவது அபூர்வம்.

அதே டைரக்டரின் ‘மானோஸ் டோர்பெஸ்’ (1970) படத்தைத்தான் அவருடைய உச்சம் என்று பல ரசிகர்கள் சொல்கிறார்கள். பண்ணையார் மகளைக் காதலித்த ஏழைப் பையனை அடித்துப் பாலைவனத்தில் போட்டுவிடுகிறார்கள், அவன் துப்பாக்கி கற்றுக்கொண்டு திரும்பி வருகிறான். சோகமான படம். எனக்கும் பிடிக்கும், இருந்தாலும் என் ஓட்டு ‘கரிங்கோ’வுக்கே.

இன்னொரு விஷயம். இந்த வகைப் படங்களில் அகாலமாகப் போனவர்கள் பலர். ‘தி குட் தி பேட் அண்ட் தி அக்லி’ தொடங்கியதும் திரையை நிறைத்துக்கொண்டு ஒரு முகம் வருமே, அது அல் முலாக். 1968ல் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனார். அதே படத்தில் புதுப் பெண்டாட்டிக்காக விருந்து தயார் செய்துவிட்டுப் பிள்ளைகளோடு சாகும் மக்பெய்னாக வந்த ஃபிராங்க் வுல்ஃப் 1971ல் போனார். இவர்களையெல்லாம் அவர்கள் இறந்த கதையைச் சொல்லித்தான் அறிமுகம் செய்கிறார்கள். நானும் மேலே அப்படித்தான் செய்தேன், கவனித்தீர்களா? பழக்கம் விடமாட்டேன் என்கிறது. வுல்ஃப் ‘தி கிரேட் சைலன்ஸ்’ படத்தில் ஷெரீஃபாக, பனியில் பசித்த மனிதர்களிடம் மாட்டிக்கொண்டு செய்யும் கூத்து இருக்கிறதே, அதைச் சொல்லி ஆரம்பித்திருக்கலாம்.

லாரன்ஸ் படம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பில்லி படத்தில் ஆரம்பிக்க வேண்டாம், முதல் அரைமணியிலேயே தூக்கம் வந்துவிடும். ‘கரிங்கோ’வை இத்தாலியன் அல்லது ஸ்பானிஷ் டப்பிங்கில், கீழே எழுத்து வருகிற மாதிரி பாருங்கள். இங்கிலீஷ் டப்பிங் காதுக்கு ஆகாது, யாரோ ரயில்வே அறிவிப்பு படிக்கிற மாதிரி இருக்கும். முடிந்தால் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு அந்தக் கல்லறைக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். பார்த்தவர்கள் உங்களுக்கு எது பிடித்தது என்று எழுதுங்கள். "இருந்திருந்தால்" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம்.