அழுவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது?

அண்மையில் வெள்ளவத்தையில் நடந்த ஒரு நூல் கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். நம்மவர்கள் இருபது பேர் வரை வந்திருந்தார்கள். ஹருகி முரகாமியின் 'நோர்வீஜியன் வூட்' நாவலைப் பற்றி இளைஞர் ஒருவர் பேசினார். அவர் அமர்ந்ததும், நம் மத்தியில் மதிப்புள்ள மூத்த எழுத்தாளர் ஒருவர் எழுந்தார். இந்நாவலில் இருப்பவை தற்கொலையும் ஒழுக்கக்கேடும்தான், வயிறு நிறைந்த நாட்டுப் பிள்ளைகளின் சோம்பல் துயரம் இது, அடிபட்டு நிற்கும் சமூகத்துக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். மூத்தவர்கள் பேசினால் தட்டிவிடுவது நம் வழக்கம். கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் வெட்கம் வந்தது. பக்கத்தில் என் ராத்தாவின் மகள் இருந்தாள். என்னை அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போனவளே அவள்தான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் இந்த நாவலை நான் கொடுக்கமாட்டேன். உடலுறவுக் காட்சிகள் வேண்டியதற்கு மேல் இருக்கின்றன. கடைசியில் ரெய்கோவோடு நடப்பதை நான் நம்பவேயில்லை. ஆனால் பெரியவர் சொன்னது இந்தக் குறையையல்ல. துயரத்தையே அவர் குற்றமாக்கினார்.

1987 இல் வெளிவந்த இந்நாவலின் கதை 1960களின் கடைசியில், டோக்கியோப் பல்கலைக்கழகங்கள் மாணவர் கிளர்ச்சியில் கொதித்துக்கொண்டிருந்தபோது நடக்கிறது. வேலைநிறுத்தம் என்று முழங்கியவர்களே, வகுப்புத் தொடங்கியதும் முதலாவதாக வந்து உட்காருவதை வதனபே பார்க்கிறான். (நம் ஊர் மேடைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.) அவனுடைய நண்பன் கிஸுகி 17 வயதில் தன்னை மாய்த்துக்கொண்டவன். கிஸுகியின் காதலி நவோகோவும் அதிலிருந்து மீளவில்லை. பின்னர் அவளும் போய்விடுகிறாள். சாவை அழகாக்கும் கதை என்று சொல்பவர் இதைப் பாதியில் மூடிவைத்தவராக இருக்கவேண்டும். மிஞ்சியிருப்பவன் என்ன செய்வான் என்பதுதான் நாவல்.

நவோகோ இறந்தபின் வதனபே கடற்கரை கடற்கரையாக அலைகிறான். ஓரிடத்தில் அழுதுகொண்டிருப்பவனைக் கண்டு ஓர் இளம் மீனவன் ஏன் அழுகிறாய் என்று கேட்கிறான். வதனபே பொய் சொல்கிறான்: தாய் இறந்துவிட்டார் என்கிறான். மீனவன் மனமிளகித் தன் தாயின் சாவைப் பற்றிக் கதைக்கிறான், உண்ணக் கொடுக்கிறான், காசும் கொடுக்கிறான்.

என் மருமகள் திரும்பத் திரும்பப் படிப்பது இந்தப் பக்கங்களைத்தான். "உம்மா மௌத்தானா அழலாம் மாமா. மத்த ஆளுக்குப் பொய் சொல்லணும்" என்றாள் பஸ்ஸில்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் அவளுடைய வகுப்புத் தோழி இறந்தாள். இவளுக்கும் அப்போது 17 வயது. ஐந்தாம் ஆண்டிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவர்கள். மரண வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. "இந்த நேரத்தில ஹபாயாவோட அந்த வாசல்ல போய் நிக்கப்போறியா?" என்று ராத்தா தடுத்தார். ராத்தாவைக் குறைசொல்ல முடியாது. அந்தக் கிழமைகளின் பயம் நம் எல்லோருக்கும் தெரியும். நானும் தொலைபேசியில் சபூர் செய் மகள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவள் தலையிடி என்று சொல்லி அறைக்குள் கிடந்து அழுதாளாம். இதை ஏழு வருடங்களாக நான் அறிந்திருக்கவில்லை.

சபூர் என்றால் வாயை மூடுவது என்று நமக்கு யார் சொல்லித் தந்தது? அழகிய பொறுமை என்ற சொல் யஃகூப் நபியின் வாயிலிருந்து வருகிறது. அதே ஸூரா யூஸுஃபில்தான் அதே யஃகூப் நபியின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போகின்றன. மகன் இப்றாஹீமின் மரணத்தில் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அழுதபோது, தாங்களுமா என்று கேட்ட தோழருக்கு அது இரக்கம் என்று விளக்கினார்கள். ஈமானின் பலவீனம் என்று சொல்லவில்லை.

பெரியவரின் வாதம் இந்த நாட்டுக்குப் புதிதுமல்ல. எதிரிவீர சரச்சந்திர 1959 இல் 'மளகிய எத்தோ' எழுதினார். டோக்கியோவில் வாழும் இலங்கை ஓவியன் ஒருவனுக்கும் நொரிகோ என்ற பெண்ணுக்கும் இடையிலான கைகூடாத காதல் அது. பேராதனை எழுத்தாளர்கள் மேல் கடும் கண்டனம் எழுந்தது. ஜப்பானியக் காமக் கதைகளின் நிழல் சிங்கள நாவலில் விழுந்துவிட்டதென்று மார்ட்டின் விக்கிரமசிங்க 1969 இல் ஒரு நூலே எழுதினார். அவரோ 1956 இல் 'விராகய' தந்தவர். காதலைக் கையில் பிடிக்கத் தெரியாத ஒருவனின் துயரத்தை எழுதிய கை அது. சிங்கள வாசகர்கள் இருவரையும் வைத்துக்கொண்டார்கள். நொரிகோவுக்காக அழுததால் அவர்கள் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

நாம் என்ன எழுதியிருக்கிறோம்? 1990 காத்தான்குடிப் பள்ளிவாசல், அதே வருடம் வடக்கிலிருந்து வெளியேற்றம், 2004 சுனாமி, 2014 அளுத்கம, 2018 திகன, 2020 இல் ஜனாஸாக்களை எரித்தது. எழுதத்தான் வேண்டும், எழுதாமல் விட்டிருந்தால் துரோகம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் அழுவது 'நாங்கள்'. 'நான்' என்று அழுகிறவரை விரல்விட்டு எண்ணலாம். கொச்சிக்கடையைப் பற்றியும் எழுதினோம்: நாங்கள் அப்படியானவர்கள் அல்லர் என்று. தோழியை இழந்து, அந்த வீட்டுக்குப் போகமுடியாமல் நின்ற முஸ்லிம் பெண்பிள்ளை அந்தக் கட்டுரைகளில் எங்கே இருக்கிறாள்? அவளை அவளே தேடிப்போய் ஒரு ஜப்பானியனிடம் கண்டெடுத்தாள். அதை வைத்து அவளை நாம் குற்றவாளியாக்குகிறோம்.

தற்கொலையைப் படித்தால் பிள்ளைகள் கெடுவார்களாம். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை வீதம் மிக உயர்ந்த நாடுகளில் ஒன்று இலங்கை. முரகாமியைப் படித்தா? பூச்சிமருந்துப் போத்தல் கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததால். கொடிய மருந்துகளைத் தடைசெய்தபின் வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. நம் ஊர்களிலும் அப்படிப் போன பிள்ளைகள் உண்டு. கிணற்றில் வழுக்கி விழுந்ததாக ஜனாஸா வீட்டில் சொல்லிக்கொள்வோம். மிஞ்சிய நண்பர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கமாட்டோம்.

தோழியின் வீடிருக்கும் ஒழுங்கையால் போகாமல், இன்றும் சுற்று வழியாகத்தான் அவள் பஸ்ஸுக்குப் போகிறாள். பெரியவர் அடுத்த கூட்டத்துக்கு வருவார் என்று நினைக்கிறேன். அன்று நான் தட்டிய கைதட்டலை இதனால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.