கைத்துப்பாக்கிக்கு மனுப் போடும் முன்

இடுப்பில் மறைத்துவைக்கக் கைத்துப்பாக்கி உரிமம் கிடைக்குமா என்று இளந்தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். வழியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3(1), ஐந்தாம் உட்பிரிவின்படி, தேவையெனக் கருதினால் அரசு நமக்கு ஆயுத உரிமம் வழங்கலாம். போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக்கூடாது என்கிறது ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 14. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடும் உண்டு.

சரி, எதை வாங்குவது? 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வர் அரைக் கிலோதான். அப்போதே விலை சுமார் 1.22 லட்சம்! கரும்பு வெட்டப் போகும் எந்த அக்கா வாங்குவார்? வாங்கினாலும், கும்பலாக வருகிறவர்கள் முன் ஒரு குண்டு வெடித்தால் கொலை வழக்கு நம்மீதுதான் பாயும்.

நாங்கள் பிடித்துக்கொள்ளச் சொல்வது அதே விதியின் மூன்றாம், நான்காம் உட்பிரிவுகளை. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில் பிற சாதியினரின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்து, ஆயுதத்தை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யலாம். கல்வராயன் மலையில் நாட்டுத் துப்பாக்கி தேடுவதென்றால் மலையாளிப் பழங்குடியினர் வீடுகளுக்குப் போகத் தெரிகிறது. கீழே பெரிய வீடுகளில் உரிமத்தோடு இருப்பவை எத்தனை? கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்துக்கு முதலில் அந்தக் கணக்கைக் கேட்டுத் தகவல் உரிமை மனு போடுவோம்.