மஸ்கட்டில் கேட்கிறோம், ஜெனீவாவில் மறுத்தோம்: நாமக்கல் முட்டையும் ஓர் அனுமதித் தாளும்

2024 டிசம்பரில் இந்திய முட்டைகளுக்குப் புதிய இறக்குமதி அனுமதி வழங்குவதை ஓமன் அரசு நிறுத்தியது. சோஹார் துறைமுகத்தில் சுமார் 15 கோடி ரூபாய் மதிப்புள்ள முட்டைகள் தேங்கிக் கிடப்பதாக நாமக்கல்லைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் கே.ஆர்.என். ராஜேஷ்குமார் அப்போது தெரிவித்தார். அதற்குச் சற்று முன்புதான் கத்தார் முட்டையின் எடைக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது. நம் பண்ணை முட்டை பெரும்பாலும் 55 கிராமைச் சுற்றியே நிற்கும். பெரிய முட்டையே வேண்டும் என்றால் நாமக்கல் தானாகவே பின்னுக்குப் போய்விடும்.

பல ஊடகங்கள் இதைத் 'தடை' என்று எழுதின. ஓமன் 'இந்திய முட்டை வேண்டாம்' என்று அறிவிக்கவில்லை. மஸ்கட்டில் இருக்கும் இறக்குமதியாளர் அமைச்சகத்திடம் பெற வேண்டிய அனுமதித் தாள் வரவில்லை, அவ்வளவுதான். விளைவு என்னவோ தடைக்குச் சமம். குளிர்பதனக் கண்டெய்னருக்கு நாள் வாடகை ஏறும். இங்கே கோழியிடம் போய் ஒரு வாரம் முட்டையிடாதே என்று சொல்ல முடியாது. கப்பல் ஏற வேண்டிய சரக்கு உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பினால் நெக் அறிவிக்கும் விலை இறங்கும். வளைகுடாவுக்கு ஒரு முட்டைகூட அனுப்பாத மோகனூர்ப் பண்ணையாளரும் அந்த இறக்கத்தில் நஷ்டப்படுவார். ஏற்றுமதியாளர்கள் சிலர்தான், ஆனால் அடி எல்லோருக்கும் விழுகிறது.

வளைகுடாவில் வேலை செய்யும் நம் சொந்தங்கள் கடையில் இந்திய முட்டை கிடைக்கவில்லை என்று சொல்லும்போது, அந்த நாட்டு அரசைக் குறை சொல்வது எளிது. அதற்கு முன், இதே வகைத் தாளை நம் அரசு மற்றவர்களிடம் எப்படிக் கேட்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

நம் வாசலில் என்ன நடக்கிறது?

இந்தியாவுக்குள் கோழி இறைச்சியோ முட்டையோ பாலாடைக்கட்டியோ கொண்டுவர வேண்டுமானால் அடிப்படைச் சட்டம் 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம். வெள்ளையர் காலத்தில் உயிருள்ள கால்நடைகளுக்காகப் போட்ட சட்டம் அது. 2001-இல் அதைத் திருத்தி இறைச்சி, முட்டை, பால் போன்ற பொருட்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியா முற்றிலும் கைவிட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் திருத்தத்தின் நோக்கம் புரியும். அளவு என்ற கதவு மூடப்பட்டதும் சுகாதாரம் என்ற கதவு திறந்தது.

சரக்கு கிளம்பும் முன்பே மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறையிடம் 'சுகாதார இறக்குமதி அனுமதி' வாங்க வேண்டும். வியாபாரிகள் எஸ்.ஐ.பி. என்பார்கள். ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசு கால்நடை மருத்துவர், இன்னின்ன நோய் இல்லை என்று கையெழுத்திட்ட சான்று சரக்கோடு வர வேண்டும். அறிவிக்கப்பட்ட துறைமுகங்கள், விமான நிலையங்கள் வழியாகத்தான் இறக்கலாம். தென்னகத்துக்குச் சென்னை பள்ளிக்கரணையில் கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மாதிரி எடுப்பார்கள். தேறவில்லை என்றால் இறக்குமதியாளர் செலவிலேயே திருப்பி அனுப்புவார்கள், அல்லது அழிப்பார்கள். இதற்கு மேல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி தனி. இறைச்சி, பால், முட்டைத்தூள் போன்றவற்றைத் தயாரிக்கும் வெளிநாட்டு ஆலைகள் தன்னிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அந்த ஆணையம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது.

இதெல்லாம் தேவையில்லாத தொல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கோழிக்கு வரும் நோய் மொத்த மாவட்டத்தையும் காலி செய்துவிடும். சிக்கல், இந்தத் தாளை எந்த அளவுகோலில் மறுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஜெனீவாவில் தோற்ற வழக்கு

பறவைக் காய்ச்சல் எந்த நாட்டில் பதிவானாலும் அந்த நாட்டின் எந்த மூலையிலிருந்தும் கோழிப் பொருட்கள் வரக்கூடாது என்பது இந்தியாவின் நிலையாக இருந்தது. 2011 ஜூலை 19 அறிவிக்கை அதை மீண்டும் உறுதிசெய்தது. அமெரிக்கா 2012 மார்ச்சில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2014 அக்டோபரில் விசாரணைக் குழுவும், 2015 ஜூனில் மேல்முறையீட்டு அமைப்பும் இந்தியாவுக்கு எதிராகவே சொல்லின.

அவர்கள் காட்டிய காரணங்களில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, முறையான அறிவியல் ஆபத்து மதிப்பீடு எதையும் இந்தியா செய்யவில்லை. இரண்டு, நோயுள்ள பகுதி, நோயில்லாத பகுதி என்று ஒரு நாட்டைப் பிரித்துப் பார்க்க இந்தியா மறுத்தது. உள்நாட்டில் நாம் என்ன செய்கிறோம்? நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கோழிகளை அழிக்கிறோம், 10 கிலோமீட்டர் வரை கண்காணிக்கிறோம், அதற்கு வெளியே வியாபாரம் நடக்கிறது. நம் ஊருக்கு ஒரு வட்டம், அடுத்தவர் நாட்டுக்கு முழு வரைபடம். வழக்கில் இது எடுபடவில்லை.

2016 ஜூலையில் இந்தியா அறிவிக்கையை மாற்றியது. அது போதாது என்று சொல்லி ஆண்டுக்கு 45 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 3,000 கோடி ரூபாய் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்க அமெரிக்கா அனுமதி கேட்டது. 2023 செப்டம்பரில் ஜி20 மாநாட்டை ஒட்டி இரு அரசுகளும் சமரசம் செய்துகொண்டன. உறைந்த வான்கோழி, உறைந்த வாத்து, சில பழவகைகளுக்கு இந்தியா வரி குறைக்க ஒப்புக்கொண்டது.

அன்று இங்கே பலரும் அந்தத் தீர்ப்பைத் தோல்வியாக மட்டும் பார்த்தார்கள். கோழித் தொழிலின் அச்சம் பொய்யில்லை. அமெரிக்கர்கள் நெஞ்சுக்கறியை விரும்புவதால் மிஞ்சும் கால்கறி மலிவாகக் கப்பல் ஏறும். இன்று அதைத் தடுத்து நிற்பது 100 சதவீத வரி. பேச்சுவார்த்தையில் அந்த வரி இறங்கினால் பல்லடத்திலிருந்து நாமக்கல் வரை கறிக்கோழி வளர்ப்பவர்கள் தாங்க மாட்டார்கள். வரியைக் காப்பது வேறு வேலை, நோயைக் காரணம் காட்டி முழு நாட்டையும் அடைப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகக் கட்டியதுதான் தவறு.

ஏனென்றால் ஜெனீவாவில் நாம் எதிர்த்த அந்த 'பகுதி' கொள்கைதான் நாமக்கல்லின் உயிர்நாடி. ஆலப்புழை வாத்துப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் அடிக்கடி தலைகாட்டுகிறது. 2014, 2021, 2024 என்று ஆண்டுகள் நினைவிருக்கலாம். நாமக்கல் அங்கிருந்து சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் 'இந்தியாவில் நோய்' என்று ஒரு வளைகுடா நாடு கோப்பைப் பூட்டினால் குட்டநாட்டு வாத்துக்கும் எங்கள் முட்டைக்கும் ஒரே தீர்ப்பு. 'கேரளம் வேறு, நாங்கள் வேறு' என்று நாம் மஸ்கட்டில் சொல்லும்போது, 'ஐடாஹோ வேறு, ஆர்க்கன்சா வேறு' என்று அமெரிக்கா சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறோம்.

யாருக்குக் கிடைத்தது விலக்கு?

டெல்லி இதை உணராமல் இல்லை. 2023-இல் 26 பண்ணைத் தொகுதிகள் பறவைக் காய்ச்சல் அற்றவை என்ற சுய அறிவிப்பை உலக விலங்கு நல அமைப்பிடம் இந்தியா அளித்தது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் உண்டு. தொகுதி என்றால் ஒரே நிர்வாகம், ஒரே உயிரிப்பாதுகாப்பு ஏற்பாடு, வாகனம் முதல் தீவனம் வரை பதிவேடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைக் கட்டிக்காக்கப் பணமும் ஆளும் வேண்டும். திறந்த பக்கங்கள் கொண்ட கொட்டகையில் இருபதாயிரம் கோழி வைத்திருப்பவர், பக்கத்துப் பண்ணையோடு ஒரே பாதையில் தீவன லாரி வருபவர், அந்தத் தாளை எங்கே வாங்குவார்?

அவருக்கு வேண்டியது தொகுதிச் சான்றைவிட மாவட்டச் சான்று. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழி நோய்களில் அதற்கு நீண்ட அனுபவம் உண்டு. ஆனாலும் பறவைக் காய்ச்சலை இறுதியாக உறுதிசெய்யும் சொல் போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்திலிருந்துதான் வர வேண்டும். ஆண்டு முழுவதும் மாதிரி எடுத்து, முடிவை வெளிப்படையாகப் பதிவிட்டு, 'நாமக்கல், சேலம் பகுதி' என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினால்தான் வெளிநாட்டு அதிகாரி நம்புவார். அமைச்சர் தொலைபேசியில் பேசுவதால் ஒரு கப்பல் இறங்கும், அடுத்த கப்பலுக்கு மறுபடி பேச வேண்டும்.

சந்தையை விரித்துக்கொள்ளலாமே என்பவர்கள் 2025-ஐப் பார்க்கட்டும். அமெரிக்காவில் பறவைக் காய்ச்சலால் முட்டை விலை எகிறியபோது நாமக்கல் முட்டை அங்கேயும் போனது. ஆகஸ்டு இறுதியில் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி வந்தது. அந்த வழியும் குறுகியது. கடைசியில் நம்பி நிற்பது வளைகுடாவைத்தான்.

நம் வாசகர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வெளிநாட்டுக் கோழிக்கறி நாளை மலிவாக வந்தால் அது ஹலாலா? எஸ்.ஐ.பி. நோயை மட்டுமே பார்க்கும், அறுத்த முறையைப் பார்க்காது. ஏற்றுமதியில் மட்டும் அரசு விழிப்பாக இருக்கிறது: மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்றவை ஹலால் பெயரில் 15 நாடுகளுக்குப் போக வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் சான்று கட்டாயம் என்று 2024 அக்டோபரில் விதி வந்தது. உள்ளே வரும் கறிக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. வரி இறங்குவதற்கு முன்பே இதை எழுத்தில் கேட்டு வைப்பது ஜமாஅத்துகளும் உலமாக்களும் செய்யக்கூடிய வேலை. கால்கறி துறைமுகத்தில் இறங்கிய பிறகு கேட்டால், கோப்பில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்காது.