சட்டைப் பையில் சார்பிட்ரேட், மடியில் லேகியம்!

கொட்டாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுவரைப் பாருங்கள். மஞ்சள் காகிதத்தில் சிவப்பு எழுத்து. 'ஆண்மைக் குறைவா? ஒரே மாதத்தில் தீர்வு!' கீழே எந்தத் தேதி, எந்த ஊர், எந்த லாட்ஜ், எத்தனையாம் நம்பர் ரூம் என்று ரயில்வே டைம்டேபிள் மாதிரி அட்டவணை. போஸ்டர் போதாது என்று இப்போது செல்போனிலும் வந்து கூவுகிறார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற ஆள்தான் நானும். என் உறவுக்காரச் சித்தப்பா ஒருவர் சாகப் பிழைக்கக் கிடந்த வரைக்கும்.

அவருக்கு வயது 56. தேங்காய் லோடு அடிப்பவர். சர்க்கரை உண்டு, பீடி உண்டு. நெஞ்சு வலிக்காக டாக்டர் எழுதித் தந்த சார்பிட்ரேட் அட்டை சட்டைப் பையிலேயே இருக்கும். ஒருநாள் ராத்திரி நெஞ்சு லேசாகப் பிடிக்க, வழக்கம்போல ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் பாதாளத்தில். ''வேற என்ன சாப்பிட்டீங்க?'' என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ''ஒண்ணுமில்ல சார்''தான் பதில்.

வீட்டுக்கு வந்து நாலு நாள் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார். ''லாட்ஜ்ல ஒரு லேகியம் குடுத்தாய்ங்கப்பா. சுத்த மூலிகைன்னாய்ங்க. சித்தி காதுக்குப் போயிராம பாத்துக்க.''

அந்த லேகியத்தை யாரும் சோதிக்கவில்லை. அதனால் அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 'மூலிகை' என்று லேபிள் ஒட்டிய இந்த வகைச் சரக்குகளில் வயாக்ராவின் மருந்தான சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருப்பதை, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சிங்கப்பூரில் 2008-ல் நடந்தது இன்னும் கொடுமை. ஆண்மை மருந்தில் சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், ரத்தத்தில் சர்க்கரை சரிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாலு பேர் இறந்தார்கள்.

நான் பி.காம். படித்தவன். விஞ்ஞானம் எனக்குக் கேட்டறிந்த சமாச்சாரம்தான். ஆனாலும் புரிந்தவரை சொல்கிறேன். நம் ரத்தக் குழாயின் உள்சுவரில் ஒரு நொதி இருக்கிறது. பெயர் நைட்ரிக் ஆக்ஸைடு சிந்தேஸ். ஆர்ஜினைன் என்கிற அமினோ அமிலத்தையும் ஆக்ஸிஜனையும் எடுத்துக்கொண்டு நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைத் தயாரிக்கும். சில விநாடிகளே வாழ்கிற அந்த வாயு, குழாயைத் தளர்த்தி ரத்தத்தை ஓடவிடுகிறது. மூளையிலும் நரம்பிலும் இந்த நொதிக்கு ஓர் அண்ணன் உண்டு. கிருமிகளைக் கொல்லும் வெள்ளணுக்களில் ஒரு தம்பி உண்டு. இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. வயாக்ரா அமெரிக்கக் கடைக்கு வந்ததும் அதே வருஷம்தான்.

சார்பிட்ரேட் உடம்புக்குள் போய் இந்த வாயுவைத்தான் கொடுக்கிறது. சில்டெனாஃபில் எதையும் தயாரிப்பதில்லை. வாயு தருகிற சமிக்ஞையை அணைக்கிற இன்னொரு நொதியைக் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்? குழாயைத் திறந்தாயிற்று, மூடுகிற கையையும் கட்டியாயிற்று. பிரஷர் சரியத்தானே செய்யும்?

எனக்குக் கோபம் இதோடு நிற்கவில்லை. சர்க்கரை, பீடி, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாம் சேர்ந்து அந்த உள்சுவரை அரிக்கும்போது வாயு உற்பத்தி குறைகிறது. ஆணுறுப்பின் குழாய் இதயக் குழாயைவிட ரொம்பச் சன்னம். ஆகவே பாதிப்பு அங்கேதான் முதலில் தெரியும். பலருக்கு நெஞ்சு வலி வருவதற்கு இரண்டு, மூன்று வருஷம் முன்பே தெரிகிறது. கம்பெனி திவாலாகுமுன் பாங்க் அனுப்புகிற நோட்டீஸ் மாதிரி! லாட்ஜ் டாக்டர் என்ன செய்கிறார்? அந்த நோட்டீஸை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, 'இளமையில் செய்த தவறு' என்று பயமுறுத்தி, ஆயிரக்கணக்கில் கறந்துவிட்டு அடுத்த ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறார். சர்க்கரை பார்த்தாரா? பிரஷர் பார்த்தாரா? நாற்பது வயதுக்காரன் மூன்று வருஷம் கழித்து மாரடைப்பில் போனால், அந்த ரூம் நம்பரை யார் தேடப் போகிறார்கள்?

''சித்த வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறாயா?'' என்று கடிதம் எழுதப் பேனாவை எடுப்பவர்களே, கொஞ்சம் பொறுங்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷம் படித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். என்னைவிட அதிகமாகக் கோபப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. 1954-லேயே மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் போட்டார்கள். தாம்பத்திய சக்தியைக் கூட்டும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் வரை ஜெயில். நோட்டீஸ், லேபிள், வாயால் கூவுவது, ஏன், புகையால் எழுதிக் காட்டுவதுகூட விளம்பரம்தான் என்று வக்கணையாக எழுதி வைத்திருக்கிறார்கள். புகைக்குக்கூடத் தடை. போஸ்டருக்கு மட்டும் விதிவிலக்கா? எந்த நாளில் எந்த ரூமில் இருப்பேன் என்று குற்றவாளியே அச்சடித்து ஒட்டியிருக்கிறார். பிடிக்கத் துப்பறியும் சாம்புவா வர வேண்டும்?

எங்கள் பத்திரிகைத் தொழிலும் யோக்கியமில்லை. இந்த வைத்தியர்களின் விளம்பரத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டுக் காசு பார்த்த வார இதழ்கள் ஒன்றா, இரண்டா? அந்தக் காசில் எனக்கும் சம்பளம் வந்திருக்கும்.

சித்தப்பா வயதில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரச்னை இருந்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சர்க்கரையும் பிரஷரும் காசில்லாமல் பார்க்கிறார்கள். லேகியமோ மாத்திரையோ ஏற்கெனவே சாப்பிட்டிருந்து நெஞ்சு வலித்தால், சார்பிட்ரேட்டைத் தொடாதீர்கள். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் ஆபத்து உண்டு. என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத லேகியத்துக்கு என்ன கணக்கு? 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டர் கேட்டால் கூச்சப்படாமல் சாப்பிட்டதைச் சொல்லுங்கள். சித்தியிடம் அப்புறம் திட்டு வாங்கிக்கொள்ளலாம்.