கம்பெனி பதிவுக்கு ஒரு கவரிங் லெட்டர்: ஒரு தாள்தானே என்று விட்டால் என்ன ஆகும்?

‘கவர் லெட்டர்’ என்றதும் ஐ.டி. ஆட்களுக்கு ஞாபகம் வருவது ஹெச்.ஆருக்கு அனுப்பும் கடிதம்தான். அமெரிக்காவில் சொந்தமாக ஒரு கார்ப்பரேஷன் தொடங்கக் கிளம்புகிறவரும் அதே பழக்கத்தில் ஏ.ஐ.யிடம் ஒரு கடிதம் கேட்கிறார். தொழில் கனவு, நிறுவனத்தின் லட்சியம், அதிகாரிக்கு முன்கூட்டியே நன்றி என்று இரண்டு பக்கம் வந்துவிடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கவரைப் பிரிக்கும் கிளார்க்குக்கு அதில் ஒரு வரிகூட உதவாது.

அமெரிக்காவில் கம்பெனி பதிவு மாநில அரசின் வேலை. மாநிலத்துக்கு மாநிலம் படிவமும் கட்டணமும் மாறும். புளோரிடாவை எடுத்துக்கொள்வோம். அங்கே லாப நோக்கக் கார்ப்பரேஷனுக்கான படிவத்தோடு கவர் லெட்டரையும் மாநில அரசே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. தபாலில் அனுப்புகிறவர்கள் அதை நிரப்பி மேலே வைக்க வேண்டும். ‘சன்பிஸ்’ இணையதளத்தில் ஆன்லைனாகப் பதிவு செய்தால் இந்தத் தாள் தேவையில்லை. பெரும்பாலான விவரங்களைத் திரையிலேயே கேட்டுவிடுவார்கள்.

அந்தத் தாளைப் பார்த்தால் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பெறுநர், பொருள், இணைப்பு, அனுப்புநர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதே அலுவலகக் கடிதம். பெறுநர் இடத்தில் டலஹாசியில் உள்ள மாநில அலுவலகத்தின் முகவரி ஏற்கெனவே இருக்கும். ‘பொருள்’ என்ற இடத்தில் கம்பெனியின் பெயர் மட்டும்தான். “புதிய கம்பெனி பதிவு செய்வது தொடர்பாக” என்றெல்லாம் நீட்ட வேண்டாம்.

ஆனால் அந்தப் பெயரில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. உள்ளே இருக்கும் பதிவு ஆவணத்தில் ‘இன்க்.’ என்று முடிந்தால் கடிதத்திலும் அப்படியே இருக்க வேண்டும். ஒன்றில் ‘இன்க்.’, இன்னொன்றில் ‘கார்ப்.’ என்றிருந்தால் எது சரி என்ற கேள்வி வந்துவிடும். ‘அண்ட்’ என்பதற்குப் பதில் ‘&’ போட்டுவிட்டால் வேறு பெயராகிவிடும் என்ற நினைப்பும் அங்கே எடுபடாது. பதிவு உறுதியாகும் முன் விசிட்டிங் கார்டு, போர்டு எல்லாம் அடித்து வைப்பது வீண் செலவில் முடியலாம்.

இந்தக் கடிதம் உண்மையிலேயே முக்கியமாவது பண விஷயத்தில்தான். பதிவுக் கட்டணம் 35 டாலர், ரெஜிஸ்டர்டு ஏஜென்டை நியமிப்பதற்கு 35 டாலர். ஆக அடிப்படைக் கட்டணம் 70 டாலர். ‘சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்டேட்டஸ்’ வேண்டுமென்றால் கூடுதலாக 8.75. சான்றளிக்கப்பட்ட நகல் வேண்டுமென்றாலும் கூடுதலாக அதே 8.75. இரண்டும் வேண்டுமென்றால் மொத்தம் 87.50.

இப்போது கிளார்க்கின் இடத்திலிருந்து பார்க்கலாம். கவருக்குள் 78.75 டாலருக்கு ஒரு செக் இருக்கிறது. அனுப்பியவருக்கு வேண்டியது ஸ்டேட்டஸ் சான்றிதழா, ஆவணத்தின் சான்றளிக்கப்பட்ட நகலா? செக்கைப் பார்த்து அதைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே தொகை. சொல்வது கவர் லெட்டரில் இருக்கும் ஒரு டிக் மட்டும்தான். உருக்கமான இரண்டு பக்கக் கடிதம் செய்யாத வேலையை அந்த டிக் செய்கிறது.

எதை வாங்குவது? அன்றைய தேதிக்குக் கம்பெனி உயிரோடு இருக்கிறது என்று சொல்வது ஸ்டேட்டஸ் சான்றிதழ். பதிவான ஆவணம் இதுதான் என்று அரசு உறுதி சொல்வது சான்றளிக்கப்பட்ட நகல். யாரும் கேட்காமலே இரண்டையும் வாங்கி பீரோவில் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை. இந்தியாவில் ஏதோ ஓர் அலுவலகத்தில் காட்ட வேண்டி, அதற்காக அப்போஸ்டில் முத்திரை வாங்கும் திட்டம் இருந்தால், சான்றளிக்கப்பட்ட நகலை முதலிலேயே கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்துகொண்டு தபாலில் அனுப்ப நினைப்பவர்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. செக், அமெரிக்க வங்கியிலிருந்து டாலரில் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அது இல்லாதவர்களுக்கு ஆன்லைன் வழிதான் சரி. ரெஜிஸ்டர்டு ஏஜென்டுக்கும் புளோரிடாவுக்குள் தெரு முகவரி கட்டாயம். தபால் பெட்டி எண் செல்லாது. ஏஜென்டாக இருக்கச் சம்மதம் என்று அவர் கையெழுத்தும் போட வேண்டும். அது விடுபட்டால் கவர் லெட்டர் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பிரயோஜனமில்லை. விசா சங்கதியும் இதில் தீராது. கம்பெனியைப் பதிவு செய்ய முடிவது வேறு, அதில் வேலை செய்ய அனுமதி இருப்பது வேறு.

தாளின் கடைசியில் இருக்கும் இமெயில் கட்டத்தைத்தான் அவசரத்தில் ஏனோதானோ என்று நிரப்புகிறார்கள். ஆபீஸ் இமெயிலைப் போடுகிறவர் உண்டு, பதிவு செய்து கொடுக்கும் நண்பரின் இமெயிலைப் போடுகிறவரும் உண்டு. எதிர்கால ஆண்டறிக்கைக்கான அறிவிப்பு அந்த முகவரிக்குத்தான் போகும் என்று படிவமே சொல்கிறது. இந்த ஆண்டு பதிவான கார்ப்பரேஷன், அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் மே 1-க்குள் முதல் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் இது உண்டு. கட்டணம் 150 டாலர். மே 1 தாண்டினால் தாமதக் கட்டணம் 400 டாலர் சேர்ந்து 550 ஆகிவிடும். செப்டம்பர் மூன்றாவது வெள்ளிக்குள்ளும் தாக்கல் செய்யாவிட்டால், நான்காவது வெள்ளியன்று அரசே கம்பெனியைக் கலைத்துவிடும்.

70 டாலரில் தொடங்கிய கம்பெனிக்கு 400 டாலர் அபராதம். காரணம், வேலை மாறியபோது கூடவே போய்விட்ட ஓர் ஆபீஸ் இமெயில். “எனக்கு மெயிலே வரலையே” என்பது அங்கே ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளப்படாது. கம்பெனி இருக்கும் காலம்வரை தன் கையில் இருக்கக்கூடிய இமெயிலைத்தான் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும்.

பதிவு முடிந்ததும், அரசுக் கடிதம் போலவே தோற்றமளிக்கும் தனியார் கடிதங்களும் வரத் தொடங்கும். சான்றிதழ் வாங்கித் தருகிறோம், போஸ்டர் வாங்கியே ஆக வேண்டும் என்று பணம் கேட்பார்கள். பதிவு விவரங்கள் பொதுவெளியில் இருப்பதால் முகவரி கிடைப்பது அவர்களுக்குச் சுலபம். என்னென்ன கேட்டோம், எவ்வளவு கட்டினோம் என்பதற்கு நிரப்பிய கவர் லெட்டரின் போட்டோ ஒன்று போனில் இருந்தால், இதைக் கையாள்வது எளிது.

போன் நம்பர் பற்றியும் ஒரு வார்த்தை. படிவம் கேட்பது பகல் நேரத் தொலைபேசி எண். அது டலஹாசியின் பகல். அங்கே மதியம் 2 மணிக்கு யாராவது சந்தேகம் கேட்கக் கூப்பிட்டால், கோடையில் சென்னையில் இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. அந்த நேரத்தில் போனை எடுப்பவரின் எண்ணைத்தான் அங்கே எழுத வேண்டும்.